சொப்பி திறந்த கதவுகள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முந்திரி தீர்ந்துவிட்டது. அம்போனிலிருந்து வரவேண்டிய கப்பல், காற்று அடங்கட்டும் என்று அங்கேயே படுத்துக் கிடக்கிறதாம். காலையில் ஆய்வு நிலையத்துக் கூண்டுக்குள் நுழைந்ததும் ஒன்பது காக்கட்டூக் கிளிகளின் கொண்டைகளும் எழுந்தன. வெறுங்கையைப் பார்த்ததும் ஒன்பதும் படுத்துவிட்டன. பரிசு இல்லாமல் எந்தப் பறவை பரீட்சை எழுதும்? நானே எழுதமாட்டேன்.

யெரே மாமா ஒரு கூடை சோளம் கொடுத்தார். அம்மாவின் அண்ணன். "உன் வெள்ளச்சிங்க பட்டினின்னு மெல்கி சொன்னான். எடுத்துட்டுப் போ. இங்க தின்னுட்டு என் வயல்ல வந்து கை வெக்காம இருந்தா சரி" என்றார். மெல்கி அவர் மகன். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

சொப்பி முதல் மணியை நாக்கில் உருட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். முந்திரிக்குப் பழகிய நாக்கு. ஆனால் தின்றாள். தின்றுவிட்டு, நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் பரிசோதனைப் பெட்டியின் நான்காம் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். கயிற்று வளையத்துக்குள் முளை செருகிய தாழ்ப்பாள் அது. மற்ற எட்டும் இன்னும் இரண்டாவதோடு மல்லுக்கட்டுகின்றன.

காட்டில் பிடித்து வந்த அன்று கிளையில் நிற்க முடியாமல் தள்ளாடினாள். பனஞ்சாராயம் அடித்தவள் மாதிரி இருக்கிறாளே என்று மெல்கி அந்தச் சாராயத்தின் பெயரான சொப்பியையே வைத்துவிட்டான். பெயர் வைக்கக்கூடாது, எண்தான் என்பது இந்த நிலையத்தின் விதி. இவள் எண் ஏழு. ஏழு என்று யாரும் கூப்பிடுவதில்லை. விதியை எழுதிய நானும்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

கூண்டுக்குள் போகும்போது முகத்துணி கட்டவேண்டும். காட்டுக்குத் திரும்பப் போகிற காக்கட்டூ மனித முகத்துக்குப் பழகக்கூடாது. இதுவும் நான் எழுதியதே. இன்று சொப்பி என் காதோரக் கயிற்றை அலகால் அறுத்துவிட்டாள். கீழே விழுந்த துணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மூக்கு, வாய், கன்னத்து மச்சம் என்று ஒவ்வொன்றாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மச்சத்தை மெதுவாகக் கிள்ளியும் பார்த்தாள், கழற்றலாமா என்று.

இனி இவளிடம் துணி கட்டிப் பயனில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நாற்பத்திரண்டு வயதாகிறது, இவ்வளவு பொறுமையாக யார் என் முகத்தைப் பார்த்தார்கள்?

நான் நாக்கைச் சொடுக்கினால் தோளுக்கு வந்துவிடுகிறாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

ஆகஸ்ட் 30, சனி

அனுமதிக் காலம் முடிந்தது. ஒன்பதையும் பிடித்த இடத்துக்கே கொண்டுபோய்த் திறந்துவிட்டோம். சொப்பியின் வலது காலில் பச்சை வளையம்.

எட்டு பறவைகள் ஒரே வீச்சில் போய்விட்டன. இவள் மட்டும் என் தோளுக்கு வந்து காதில் ஏதோ கரகரத்துவிட்டு, சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். மெல்கி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வந்தாள்! நிலையத்துக் கூரையில் அவள், பின்னால் மரம் நிறைய அவள் கூட்டம். நாக்கைச் சொடுக்கினேன், தோளில் இறங்கினாள். துரத்தியிருக்க வேண்டும். பையில் சோளம் இருந்தது. கொடுத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து பார்த்தால் ஊருக்குக் கீழ்ப்புறம் மூன்று சோளக் களஞ்சியங்களின் கதவுகள் திறந்து கிடக்கின்றன. கதிர்கள் பாதி தின்று, பாதி தரையில். பன்றி என்றார்கள். பன்றி கதவு திறக்குமா? துறைமுகத்தில் வேலையில்லாமல் சுற்றுகிற பையன்கள் என்றார்கள். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள்.

தாழ்ப்பாளிலிருந்து உருவிய முளை புல்லில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நுனியில் கவ்விய தடம், பக்கவாட்டில் நெம்பிய தடம். அந்தத் தடத்தை எனக்கு என் கையெழுத்து மாதிரி தெரியும்.

செப்டம்பர் 22, திங்கள்

மெல்கியின் பட்டறைக்குப் போனேன். ஊருக்கே தச்சன். பரிசோதனைப் பெட்டிகளைச் செய்துகொடுத்தவனும் அவனே.

"மெல்கி, என் பெட்டிக்கு நாலு விதமா தாழ்ப்பாள் போட்டியே, எங்க பாத்துச் செஞ்ச?"

"எங்க பாக்கறது? எனக்குத் தெரிஞ்சது நாலுதான்க்கா. இழுக்கறது, திருப்பறது, முளை செருகறது, கயிறு போட்டு முளை செருகறது. எங்கப்பாவுக்கு மூணுதான் தெரியும்" என்றான் பெருமையாக.

"ஊர்க் களஞ்சியத்துக்கெல்லாம்?"

"அதே நாலுதான். ஏன் கேக்கற?" என்றவன், என் முகத்தைப் பார்த்து இழைப்புளியைக் கீழே வைத்தான். "ஐயோ, ஃபின் அக்கா... அந்தச் சிறுக்கியா?"

ஊரிலிருக்கிற ஒவ்வொரு கதவையும் திறக்க அவளுக்கு நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். மெல்கியைக் கேட்டிருக்க வேண்டாமா? ஜாவாவில் படித்து, பட்டம் வாங்கி, மாநாடுகளில் பேசி — பெட்டிக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லி ஊர்த் தச்சனிடம் கொடுத்தேன், அவன் ஊர்த் தாழ்ப்பாளைப் போட்டான். பரிசு? அதுவும் ஊர்ச் சோளம். இதைவிடக் கச்சிதமாக ஒரு திருடியைத் தயார் செய்ய முடியாது.

செப்டம்பர் 24, புதன்

பேராசிரியர் சுலிஸ்தியோவுக்குத் தொலைபேசி. ஜாவாவிலிருந்து இந்த நிலையத்தை நடத்துபவர் அவர். நடந்ததைச் சொன்னேன்.

"ஃபின்னா! தங்கம்மா இது, தங்கம்! ஒண்ணு திறக்கறத மத்தது பாத்துக்கிட்டு நிக்குதா? கூட்டத்துல எத்தன? வீடியோ எடுத்தியா?"

"ஐயா, இங்க ஜனங்க சோளம் போகுது."

"ஆமா, ஆமா, பாவம். கேமராவ மட்டும் நிறுத்திடாத."

அவளைத் திரும்பப் பிடித்துக் கூண்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அனுமதி முடிந்துவிட்டது, பிடித்தால் ஜாவாவில் ஏதாவது மிருகக்காட்சிசாலைக்குத்தான் அனுப்பவேண்டியிருக்கும் என்றார். இன்னும் நாற்பது வருஷம் வாழக்கூடிய பறவை. சிமெண்டுத் தரை, கம்பி, வேர்க்கடலை வீசுகிற குழந்தைகள். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

திருடி சொப்பிதான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மெல்கி ஐந்தாவதாக ஒரு தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தான். இரண்டு கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும். மனிதர்களே திணறினார்கள். ஊர்த்தலைவர் தன் களஞ்சியத்தையே திறக்கமுடியாமல் மெல்கியின் அம்மா வழி முன்னோர்களை எல்லாம் இழுத்துத் திட்டினார்.

நான் புதருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். சொப்பி ஒன்றை அலகாலும் இன்னொன்றைக் காலாலும் அழுத்தினாள். வாசல் திறந்ததும் நேராக உள்ளே போகவில்லை. திரும்பி, நான் உட்கார்ந்திருந்த புதரைப் பார்த்தாள். சரிதானே என்று கேட்கிற பார்வை. கூண்டில் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் பார்ப்பாள். சோளத்துக்காகத்தான் திறக்கிறாள். ஆனால் எனக்காகவும் திறக்கிறாள்.

கடவுளே, எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நொடிதான். ஆனால் இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

மாமாவின் களஞ்சியம்.

கடைக்காரரிடம் வாங்கிய இரும்புப் பூட்டு போட்டிருந்தார். பூட்டு அப்படியே தொங்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்ட கூட்டம், பக்கத்து மூங்கில் தட்டியைக் கிழித்திருக்கிறது. உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைக்கதிர்கள் — அடுத்த மாதம் மழை விழுந்ததும் ஊன்றவேண்டிய வெள்ளைச் சோளம் — ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது.

கொர்நேலி அத்தை சக்கைகளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு மணி மணியாகத் தேடிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து தேடினேன். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"கடையில விக்கிற மஞ்சச் சோளத்த ஊனிக்கலாம்னு வந்து சொல்லிடாத" என்றார். "அது இந்தக் கல்லு மண்ணுல வராது. இது எங்கம்மா வீட்டு வெத. கல்யாணத்துல கொண்டாந்தேன். வயித்துல சுமந்த மாதிரி வருஷா வருஷம் காப்பாத்திட்டு வர்றேன்டி."

இருட்டும் வரை அவரோடு மணி பொறுக்கினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஊர்க்கூட்டம். எனக்குக் கிடைத்த பட்டங்கள்: கிளிக்கு வாத்தியாரம்மா. திருடிக்குத் தாய். "பள்ளிக்கூடம் வெச்சு கன்னம் வெக்கக் கத்துக் குடுத்திருக்கா, அடுத்து பீரோ தெறக்கச் சொல்லிக் குடுப்பா" என்றான் ஒருவன். சிரிப்பு. அவன் களஞ்சியமும் காலி, சிரிக்கத்தான் செய்வான், வேறென்ன செய்வான்?

அவளைக் கொன்றுபோட வேண்டும் என்றது கூட்டம். காக்கட்டூவைக் கொன்றால் சட்டப்படி குற்றம் என்று சொல்லலாம். சொல்லவில்லை. என் பறவை ஊரைக் கொள்ளையடிக்கும், நான் மாமாவை வனத்துறையிடம் காட்டிக்கொடுப்பேனா?

ஒரு குப்பி சாராயத்தை மாமாவின் முன்னால் வைத்து மண்டியிட்டேன். எங்கள் தீவில் மன்னிப்புக் கேட்க வேறு வழி கிடையாது. குப்பியைப் பார்த்தார். "சொப்பியக் கொண்டாந்து வெச்சு சொப்பிக்காக மன்னிப்பா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு மடக்குக் குடித்தார். மன்னித்துவிட்டார். ஆனால் குடித்தவருக்குக் கேட்கிற உரிமையும் வந்துவிடும். அதுவும் தாய்மாமன். தாய்மாமன் சபையில் கேட்டதை மருமகள் இல்லை என்று சொன்னதாக இந்த ஊரில் கதைகூடக் கிடையாது.

"அந்தப் பச்ச வளையக்காரி யார் கைக்கும் வரமாட்டா. உன் கைக்கு வருவா. நீயே கூப்பிட்டு, நீயே பிடிச்சு எங்கிட்ட குடு."

"என்ன செய்வீங்க மாமா?"

"வயல்ல என்ன செய்வோமோ அதேதான். கொன்னு கம்பத்துல தொங்கவிடுவேன். மத்ததுங்க பாக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். என் தலைதான் ஆடியது.

அக்டோபர் 6, திங்கள்

போய்விடு சொப்பி. தீவில் வேறு காடே இல்லையா? வடக்கே போ. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு எங்காவது தொலைந்து போ.

சாயங்காலம் கூரையில் வந்து உட்கார்ந்து கரகரத்தாள். நான் வெளியே போகவில்லை. கூரைத் தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வழி தேடுகிறேன். வேறொரு பறவையைப் பிடித்துப் பச்சை வளையம் மாட்டிக் கொடுத்தால்? எவ்வளவு கேவலமான யோசனை. சொப்பிக்காக எதுவுமறியாத இன்னொன்றைச் சாகடிப்பேனா? யோசித்தேன் என்பதே போதும், நான் எந்த நிலைமையில் இருக்கிறேன் என்பதற்கு.

பிடித்துக்கொண்டு சௌம்லாக்கி நகரத்துக்கு ஓடிவிட்டால்? அங்கிருந்து மிருகக்காட்சிசாலை. மாமா ஊர் முன்னால் தலைகுனிவார். பிறகு நான் திரும்பி வரவே முடியாது, அம்மாவின் கல்லறை இந்த ஊரில் இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

செத்த பறவையால் என்ன பயன்? இதுதான் காலையிலிருந்து ஓடுகிறது. கம்பத்தில் தொங்குகிற பிணத்தை இந்த ஜாதிப் பறவை இரண்டு நாள் பார்க்கும், மூன்றாம் நாள் அதன் மேலேயே உட்காரும். நானே பார்த்திருக்கிறேன். தட்டியைக் கிழிக்க இப்போது எல்லாவற்றுக்கும் தெரியும். சொப்பி செத்தாலும் கிழிக்கும்.

ஆனால் பயந்துபோன பறவை? உயிரோடு திரும்பிப் போய், களஞ்சியத்தைப் பார்க்கும்போதெல்லாம் அலறுகிற பறவை? இவள் திறந்ததைப் பார்த்துத்தானே அவை கற்றன. இவள் அலறுவதைப் பார்த்தும் கற்கும். கூட்டமே இவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாமாவைக் கண்டு பயந்தால் போதாது. மெல்கியைக் கண்டு பயந்தால் போதாது. நான் இருக்கும் வரை மனிதர்களில் நல்லவர்களும் உண்டு என்றே நினைப்பாள். அப்படி நினைத்தால் திரும்ப ஊருக்குள் வருவாள். வந்தால் என்றாவது ஒரு நாள் யாராவது —

நான்தான் செய்யவேண்டும்.

முடியுமா என்னால்?

அக்டோபர் 9, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு இதை மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

பிற்பகல். மாமாவின் களஞ்சியத்துக்கு எதிரே நின்று நாக்கைச் சொடுக்கினேன். ஊர் தென்னைகளுக்குப் பின்னால் மறைந்து நின்றது. வந்தாள். தோளில் இறங்கி, அன்றைக்கு ஏன் கதவைத் திறக்கவில்லை என்பது மாதிரி காது மடலை இழுத்தாள். மற்றவை புளியமரம் முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவளை இரண்டு கையாலும் பிடித்துச் சாக்குக்குள் போட்டேன். சாக்குக்குள் சத்தமே இல்லை. விளையாட்டு என்று நினைத்திருப்பாள்.

சாக்கை மாமாவிடம் கொடுத்தேன்.

மாமா வாங்கிக்கொண்டார். "குடுத்துட்ட" என்றார். "சபையில கேட்டேன், சபையறியக் குடுத்துட்ட. மருமவள வெறுங்கையோட அனுப்பினா என் வீட்டுக்கு அசிங்கம். என்ன வேணும்? துணியா, கிழங்கா, வயல்ல ஒரு துண்டா? கேளு."

"அவள எனக்குத் திருப்பிக் குடுங்க மாமா."

"குடுத்ததையே திருப்பிக் கேட்டா அது குடுத்ததாகுமா? வேற கேளு."

"அப்ப இந்தச் சாயங்காலத்தக் குடுங்க. பொழுது சாயற வரைக்கும் அவ சாகக்கூடாது. நான் சொல்றத ஊரு செய்யணும். அதுக்கப்புறம் உங்க பறவை, உங்க இஷ்டம்."

"சாயங்காலமா?" மாமா மற்றவர்களைப் பார்த்தார். யாருக்கும் இது புரியவில்லை. "துணி கேட்டிருக்கலாம் இவ" என்றார் அத்தை முணுமுணுப்பாக. மாமா சாக்கை என் கையில் வைத்தார். "எடுத்துக்க."

எல்லோரையும் தகரம், சட்டி, பலகை எடுத்துவரச் சொன்னேன். களஞ்சியத்தைத் திறந்து வைத்து, வாசலில் மிச்சமிருந்த கதிர்களைப் பரப்பினேன். அவளை வெளியே எடுத்து, பருந்து பிடிக்கிற மாதிரி முதுகோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, கதிர்களுக்கு மேலே நீட்டினேன். தலையை அசைத்தேன். ஊர் தகரத்தை அடித்தது.

சொப்பி அலறவில்லை.

என் முகத்தைப் பார்த்தாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு குனிந்து என் விரல்களைப் பார்த்தாள். அலகின் நுனியை என் கட்டை விரலுக்கு அடியில் செருகி மெதுவாக நெம்பினாள். வரவில்லை. அதை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலுக்குப் போனாள். அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நடுவிரல். கடிக்கவில்லை. வலிக்காமல், ஒவ்வொரு விரலாக, எது இழுப்பது, எது திருப்புவது என்று — புதிதாக ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன் என்றே நினைத்தாள். நெம்பிவிட்டு நெம்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சரிதானே?

ஒரு விரலைத் தளர்த்தினால் போதும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

தளர்த்தவில்லை. தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். என் வாழ்க்கையில் கேட்காத குரல் ஒன்று என் தொண்டையிலிருந்து வந்தது. மீன்வலையைப் போர்த்தினேன், எடுத்தேன், திரும்பப் போர்த்தினேன். என் முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோய்க் கத்தினேன். அப்போதுதான் புரிந்தது அவளுக்கு. கண்ணில் தெரிந்தது. கட்டை விரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் எலும்பு வரை கடித்துவிட்டு அலறினாள்.

புளியமரம் மொத்தமும் எழுந்தது. தலைக்கு மேலே வெள்ளையாகச் சுழன்று சுழன்று அவளோடு சேர்ந்து அலறியது. ஊர் பயந்துபோய்த் தகரத்தை நிறுத்தியது. "அடிங்க! நிறுத்தாதீங்க!" என்று கத்தினேன். அடித்தார்கள். மெல்கி அழுதுகொண்டே அடித்தான்.

பொழுது சாய்ந்தது. என் ரத்தத்தோடு அவளை மாமாவிடம் நீட்டினேன். வாங்கினார். இடது இறக்கை தொங்குகிற மாதிரி இருந்தது. நான் உடைத்துவிட்டேனா?

மாமா அவளைப் பிடித்தபடி நின்றார். கழுத்தில் விரல் இருந்தது. மேலே கூட்டம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. மாமா மேலே பார்த்தார், என் கையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க?" என்றார் அத்தை. "அதுக்கு நடந்தத அது போய்ச் சொல்லட்டும். செத்துட்டா யார் சொல்லுவா?"

மாமா கையைத் திறந்தார்.

தாழப் பறந்தாள். ஒருபக்கமாகச் சாய்ந்து பறந்தாள். காட்டுக்குள் போகும் வரை பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று கையில் தையல் போட்டார்கள். இடது கையால் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை எழுத.

அக்டோபர் 26, ஞாயிறு

எந்தக் களஞ்சியத்திலும் சோளம் போகவில்லை. கூட்டத்தையே காணோம். ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருத்தி கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள். பாடம் வேலை செய்கிறது என்கிறார்கள்.

அவள் செத்திருந்தாலும் இப்படித்தானே இருக்கும்? உடைந்த இறக்கையோடு காட்டுத் தரையில் எத்தனை நாள் தாங்கும்? காலையிலெல்லாம் காட்டில் தேடுகிறேன். வெள்ளை இறகு ஒன்றைப் பார்த்து மண்டியிட்டுவிட்டேன். கொக்கின் இறகு.

பேராசிரியர் வீடியோ கேட்டார். கேமரா ஓடவில்லை என்றேன். ஓடியது. நான் அழித்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. அத்தை பொறுக்கிய மணிகள், அத்தையின் அம்மா வீட்டார் படகில் கொண்டுவந்த ஒரு சிறு கட்டுக் கதிர், எல்லாம் சேர்த்து மாமாவின் வயலில் பாதிக்கு வந்தது. நானும் போய் ஊன்றினேன். குழிக்கு மூன்று மணி போடுவது வழக்கம். இந்த வருஷம் இரண்டு. அத்தை என் பக்கத்திலேயே ஊன்றிக்கொண்டு வந்தார். மதியம் தன் கிழங்கில் பாதியைப் பிட்டு என் இலையில் வைத்தார்.

டிசம்பர் 25, வியாழன்

நாக்கைச் சொடுக்கவில்லை. பல தடவை வாய் வரை வந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

நிலையத்தில் அடுத்த பருவத்துக்குப் புதிய பறவைகள் பிடிக்க அனுமதி வந்திருக்கிறது. பெட்டிகளை எல்லாம் உடைத்து அடுப்புக்கு அனுப்பினேன். மெல்கி திட்டினான். எவ்வளவு வேலை செய்தேன் தெரியுமா என்றான். புதிதாகச் செய்கிற பெட்டியில் ஊர்த் தாழ்ப்பாள் எதுவும் இருக்கக்கூடாது என்றேன். "அப்ப வெறும் பெட்டிதான்க்கா வரும், எனக்கு வேறெதுவும் தெரியாது" என்றான். அக்டோபருக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 11, புதன்

கதிர் முற்றிக்கொண்டு வருகிறது. காக்கட்டூக் கூட்டம் வயலோரம் வந்துவிட்டது என்று அத்தை ஆள் அனுப்பினார். போனேன். பட்டுப்போன மரத்தில் இருபது முப்பது இருக்கும். தொலைநோக்கியை எடுக்க மனமில்லை. எடுத்தால் தெரிந்துவிடுமே.

எடுத்தேன். ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு தடவை தவறவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.

பச்சை வளையம்.

பக்கத்தில் ஒரு குஞ்சு, இறகு விரித்துத் தலையாட்டிச் சோறு கேட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துவிட்டு, யோசிக்காமல் நிழலை விட்டு வெளியே ஓர் அடி வைத்துவிட்டேன். இவ்வளவு தூரத்தில் தெரியாது என்று நினைத்தேனா, தெரியட்டும் என்று நினைத்தேனா? இரண்டும்.

ஊட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். அதே சாய்ப்பு, அதே பொறுமை. மூக்கு, வாய், கன்னம் என்று பார்த்திருப்பாள். பிறகு கொண்டை எழுந்தது. அலறினாள். அன்றைக்கு அலறிய அதே அலறல். மரம் மொத்தமும் எழுந்தது.

குஞ்சு மட்டும் ஒரு கணம் கிளையிலேயே நின்றது. என்னை அதுவரை பார்த்ததே இல்லாத குஞ்சு. அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு அதுவும் என்னைப் பார்த்து அலறிக்கொண்டு பறந்தது.

சோளத்துக்கு நடுவிலிருந்து அத்தை எழுந்து நின்றார். "அட, இது நல்லா இருக்கே! பொம்மை கட்டற வேலை மிச்சம். ஃபின்னா, நாளைக்குக் காலையிலயும் வாடி. அறுக்கற வரைக்கும் வா!" என்றார். சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கதிர் ஒன்றை ஒடித்து என் கையில் திணித்தார். வெள்ளைச் சோளம். பால் இன்னும் முழுதாகக் காயவில்லை.

மார்ச் 12, வியாழன்

போனேன். பறந்துவிட்டன.

மார்ச் 19, வியாழன்

இன்றும் விடிந்ததும் மாமாவின் வயலைச் சுற்றி ஒரு நடை. இப்போதெல்லாம் குஞ்சுதான் முதலில் என்னைப் பார்த்துக் கத்துகிறது. அவள் கத்தவேண்டிய வேலையே இல்லை. கூட்டத்தோடு எழுந்து, மலைப்பக்கம் திரும்பிப் போனாள். இடது இறக்கையை நன்றாகப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை.